நுவேர் வீட்டு மாடு யாரோட மாடு?

கேள்வி: தெற்கு சூடான்ல நுவேர்னு ஒரு பழங்குடி, அவங்களுக்கு மாடு தான் சொத்து, பணத்தை மதிக்கவே மாட்டாங்கன்னு ஒரு வீடியோல பாத்தேன். இந்த காலத்துலயும் அப்படியா? மாட்டை வித்து பேங்க்ல போட்டா வட்டியாவது வருமே?

பதில்: வீடியோக்காரர் பாதி கதை தான் சொல்லிருக்காரு. பணம் அங்க போய் பல காலம் ஆச்சு, ஆனா நம்ம நினைக்கிற மாதிரி மாட்டை ஓரங்கட்டிட்டு உக்காரல.

நைல், சோபாட் ஆத்துப் பக்கம் எல்லாம் சதுப்பு நிலம். மழைக்காலத்துல சுத்தி தண்ணி, மேட்டுல இருக்குற ஊர்ல தங்கி சோளம் போடுவாங்க, வெயில் வந்துட்டா மாட்டை ஓட்டிக்கிட்டு ஆத்தோரம் பட்டி போட்டுருவாங்க. 1930ல அங்க போன இவான்ஸ்-பிரிட்சார்டுங்கற மானிடவியல்காரர் இதெல்லாம் விலாவாரியா எழுதி வச்சிருக்காரு. காஞ்ச சாணியில மூட்டம் போட்டு கொசு விரட்டுறது, அந்த சாம்பல்லயே பல்லு விளக்குறது, கோமியத்துல மூஞ்சி கை கழுவுறது, எல்லாமே மாடு தான். வெறும் கறிக்காக மாட்டை அடிக்கறது அபூர்வம், பலி குடுத்தா இல்ல தானா செத்தா சாப்பிடுவாங்க. பையன் பெரியவனாகி நெத்தியில ஆறு கோடு கீறிக்கிட்டதும் அப்பா ஒரு எருது குடுப்பாரு, அதோட நிறத்தை வச்சே அவனுக்கு ஒரு பேரும் வந்துரும்.

ஆனா அந்த மாடு ஒத்த ஆளோட சொத்து இல்ல, இங்க தான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. கல்யாணம்னா அந்த காலத்து கணக்குல மாப்ள வீடு 40 மாடு வரைக்கும் குடுக்கணும், அது பொண்ணோட அப்பா கைக்கு மொத்தமா போகாது, சித்தப்பா, மாமா, அத்தைன்னு அப்பா வழி அம்மா வழி ரெண்டு பக்கமும் பங்கு பிரியும், தங்கச்சிக்கு வந்த மாட்டை வச்சு தான் அண்ணன் தனக்கு பொண்ணு பாப்பான். கொலை விழுந்தா கூட 40, 50 மாடு குடுத்து தான் சமாதானம், அந்த மாட்டை வச்சு சொந்தக்காரன் ஒருத்தன் செத்தவன் பேருல ஒரு பொண்ணை கட்டி, பொறக்குற குழந்தை அவன் குழந்தைன்னே கணக்கு. இப்ப சொல்லுங்க, இதை எந்த பேங்க்ல போடுவீங்க?

பிரிட்டிஷ்காரன் வரி, கோர்ட் அபராதம், மாட்டு ஏலம்னு ஆரம்பிச்சு வச்சான். அப்புறம் இளவட்டப் பசங்க சூடான் தலைநகரம் கார்ட்டூம் பக்கம் கூலி வேலைக்கு கிளம்புனாங்க, கையில காசு பொழங்குச்சு. 1980கள்ல அங்க போய் ஆராய்ச்சி பண்ண ஷேரன் ஹட்சின்சன் சொல்றது தான் எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி. மாட்டையும் காசையும் நுவேர்காரங்க ரகம் ரகமா பிரிச்சு வச்சிருந்தாங்களாம். கல்யாணத்துல வந்த மாடு "பொண்ணுங்க மாடு", அதுல சொந்தக்காரன் எல்லாம் பங்கு கேக்கலாம். காசு குடுத்து வாங்குனது "காசு மாடு", அது வாங்குனவனுது, ஒருத்தன் வாய் திறக்க முடியாது. அதே மாதிரி மாடு வித்த காசு வேற, உழைச்ச காசு வேற. இன்னொன்னும் இருக்கு, டவுன்ல கக்கூஸ் அள்ளி சம்பாதிச்ச காசு, அதுக்கு பேரே "பீ காசு". அதுல மாடு வாங்குனா அந்த மாடு தங்காது, செத்துரும்னு நம்பிக்கை. காசுக்கு ரத்தம் கிடையாது, மாட்டுக்கும் மனுசனுக்கும் தான் இருக்குன்னு வேற சொல்லிருக்காங்க. அதுக்காக இதை வெகுளித்தனம்னு எடுத்துக்காதீங்க. சொந்தக்காரன் எந்த சொத்துல கை வைக்கலாம், எதுல வைக்கக் கூடாதுங்கற பெரிய தகராறுக்கு அவங்களே போட்ட பாகப்பிரிவினை இது, என்னை கேட்டா வக்கீல் வச்சு எழுதுனா கூட இவ்ளோ தெளிவா வராது.

அப்புறம் வந்த சண்டை தான் எல்லாத்தையும் கலைச்சுருச்சு. 1983ல ஆரம்பிச்ச உள்நாட்டுப் போர், 2011ல தெற்கு சூடான் தனி நாடு, 2013ல மறுபடி சண்டை. மாட்டை குடுத்து துப்பாக்கி வாங்குறது, அந்த துப்பாக்கியை காட்டி பக்கத்துல இருக்குற டிங்காங்கற இனத்தோட பட்டியில மாட்டை ஓட்டிட்டு வர்றது, அவங்க திருப்பி வர்றது. பெரிய மந்தை எல்லாம் தளபதிங்க கைக்கும் அரசியல்வாதிங்க கைக்கும் போக ஆரம்பிச்சுது, அவங்க மாட்டுக்கு காவலே ஏகே-47 தான்.

வட்டி பத்தி கேட்டீங்களே, 2015 டிசம்பர்ல அந்த நாட்டு பவுண்டை சந்தை விலைக்கு விட்டதும் ஒரு டாலருக்கு 3 பவுண்டுன்னு இருந்தது ஒரேயடியா 18க்கு போயிருச்சு, அடுத்த வருசம் விலைவாசி இன்னும் மோசம். பேங்க்ல போட்டவன் நிலைமையை யோசிச்சுக்கோங்க. அதுக்குன்னு மாடு பத்திரம்னும் சொல்ல வரல, 2019ல இருந்து வந்த வெள்ளத்துல நுவேர்காரங்க இருக்குற பென்டியூ டவுன் பக்கமெல்லாம் மேய்ச்சல் நிலமே முழுகி ஏகப்பட்ட மாடு செத்துச்சு.

கேள்வி: எப்படி பாத்தாலும் மாடு குடுத்து பொண்ணை விலைக்கு வாங்குறது தானே இது?

பதில்: விலைன்னு சொன்னா அவங்க ஒத்துக்க மாட்டாங்க, பொறக்குற பிள்ளை எந்த வம்சம்னு முடிவு பண்றதே அந்த மாடு தான்னு சொல்லுவாங்க. ஆனா உங்க கோபத்துல நியாயம் இருக்கு. பொண்ணு பிரிஞ்சு வந்தா மாட்டை திருப்பணும், அது ஏற்கனவே மாமா, சித்தப்பா பட்டிக்கு போயிருக்கும், அதனால "அனுசரிச்சு போ"ன்னு அவளை தான் எல்லாரும் அமுக்குவாங்க. அந்தப் பக்கம் மாடு இல்லாத பையன் கல்யாணத்துக்காகவே கொள்ளைக்கு கிளம்புறான்.