கேள்வி–பதில்: y-ஐப் பிரிக்க முடியாத சமன்பாட்டின் வரைபு

கேள்வி: உயர்தர இணைந்த கணித வகுப்பில் காட்ட, x³ + y³ = 3xy என்பதைப் பைதன் நிரல்மொழியில், அச்சுக்கு 20 புள்ளி வைத்துக் கீறினேன். உற்பத்தியில், அதாவது (0, 0) புள்ளியில், கிளைகள் வெட்டாமல் விலகி நிற்கின்றன. (x² + y² − 1)² = 0 கொடுத்தால் ஒன்றுமே வரவில்லை. ஏன்?
– ஆசிரியர் ஒருவர், கிளிநொச்சி

பதில்: எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்தால் x³ + y³ − 3xy. தளத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் இதற்கு ஒரு பெறுமானம் உண்டு. அதை நில உயரமாகவும் பூச்சியத்தை இரணைமடுக் குளத்தின் நீர்மட்டமாகவும் கொண்டால், தண்ணீர் முட்டி நிற்கும் கரைதான் நமக்கு வேண்டிய வளையி. பைதனின் வரைபு நூலகமான மட்பிளொட்லிப்பின் 'கொன்டூர்' கட்டளை கீறுவது இந்தச் சமவுயரக் கோட்டைத்தான். மட்டங்களின் பட்டியலில் 0 மட்டும் கொடுங்கள். விட்டால் தன் பாட்டில் பல மட்டங்களைக் கீறும்.

கட்டளை, வலையின் ஒவ்வொரு சிறு சதுரத்திலும் நான்கு மூலைகளின் குறியைத்தான் பார்க்கிறது. ஒரு மூலை நேர், அடுத்தது மறை என்றால் இடையே கோடு போகும். உங்கள் 20 புள்ளியில் உற்பத்தி ஒரு சதுரத்தின் நடுவில் விழுகிறது. அங்கே −3xy மேலோங்குவதால் மூலைகள் மறை, நேர், மறை, நேர் என்று மாறி மாறி வரும். நான்கு பக்கத்தாலும் கோடு நுழையும். எதை எதோடு இணைப்பது என்பதற்கு இரண்டு வழி. மென்பொருள் ஒன்றைத் தெரிவுசெய்ய, வெட்டவேண்டிய கிளைகள் இரண்டு வளைவுகளாகப் பிரிந்துவிடுகின்றன.

−3 முதல் 3 வரை 601 புள்ளி எடுத்தால் இடைவெளி 0.01, பிளவு கண்ணுக்குத் தெரியாது. 6001 வேண்டாம். எண்களை வைத்திருக்கும் ஓர் அணிக்கே 288 மெகாபைட், அப்படிக் குறைந்தது மூன்று. 4 ஜிகாபைட் கணினி திணறும்.

இந்த வளையிக்கு மட்டும் இதைவிடச் சுத்தமான வழி முனைவாள்கூறு (உற்பத்தியிலிருந்து தூரம் r, கோணம் θ): r = 3 சைன்θ கோசைன்θ / (சைன்³θ + கோசைன்³θ). θ-ஐ −0.7 முதல் 2.27 ஆரையன் வரை ஓடவிட்டு, அச்சுகளை −3, 3 என்று மட்டுப்படுத்துங்கள். கோடு அறுபடாமல் உற்பத்தியை இருமுறை கடக்கும். வகுப்பில் காட்ட நான் இதையே சொல்வேன்.

இரண்டாவது சமன்பாட்டில் வர்க்கம்தான் காரணம். நிலம் நீர்மட்டத்தைத் தொடுகிறது, கீழே இறங்குவதில்லை. குறி மாறாத இடத்தில் கட்டளைக்குக் கீற ஒன்றுமில்லை. வர்க்கத்தை எடுத்துவிடுங்கள். காரணிப்படுத்த முடியாத கோவையென்றால் மட்டத்தை 0.001 ஆக்குங்கள், இங்கே 0.984, 1.016 ஆரைகளில் இரண்டு மெல்லிய வட்டங்கள் வரும், உண்மையானது இடையில்.

இதற்கு நேரெதிரான பிழையும் உண்டு. y − 1/x = 0 என்று கொடுத்தால் y அச்சிலேயே பொய்க்கோடு ஒன்று விழும், ஏனெனில் அங்கே குறி முடிவிலி வழியாக மாறுகிறது. பகுதியான x-ஆல் பெருக்கி xy − 1 = 0 என்று கொடுங்கள்.

கேள்வி: ஜியோஜீப்ரா என்ற வரைபு மென்பொருளில் வட்டம் நீள்வட்டமாகத் தெரிகிறதே?
– மாணவி, முல்லைத்தீவு

பதில்: சமன்பாடு சரி, அச்சுகளின் அளவிடைதான் வேறு. வரைபின் வெற்றிடத்தில் வலச்சொடுக்கு செய்து, x அச்சு : y அச்சு விகிதத்தை 1 : 1 ஆக்குங்கள்.