கணினி கேள்வி–பதில்: டெலிட் ஆன உபுண்டுவை மீட்க முடியுமா?

கேள்வி: என் லேப்டாப்பில் விண்டோஸ் 11, உபுண்டு இரண்டும் இருந்தன. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் டிரைவ் எழுத்தோ பெயரோ இல்லாத 120 ஜிபி பார்ட்டிஷன் ஒன்று தெரிந்தது. வீணாகக் கிடக்கும் இடம் என்று நினைத்து டெலிட் செய்துவிட்டேன், அதுதான் உபுண்டு. இப்போது ஆன் செய்தால் கறுப்புத் திரையில் ‘க்ரப்’ என்று மட்டும் வந்து நிற்கிறது. விண்டோஸும் வரவில்லை. கோப்புகள் எல்லாம் போய்விட்டனவா?

பதில்: அதன் பிறகு அந்த இடத்தில் எதுவும் எழுதப்படவில்லை என்றால், பெரும்பாலும் போகவில்லை. நீங்கள் அழித்தது, டிஸ்கின் தொடக்கத்தில் பார்ட்டிஷன்களின் பட்டியலாக உள்ள ஜிபிடி அட்டவணையில் ஒரு பதிவையும், டிஸ்கின் கடைசியில் இருக்கும் அதன் நகலையும்தான். ஒரு பதிவின் அளவு 128 பைட். உங்கள் 120 ஜிபி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற குறிப்பு போய்விட்டது. உள்ளே இருந்தவை இருந்த இடத்திலேயே கிடக்கின்றன. உபுண்டு பயன்படுத்தும் எக்ஸ்ட்4 கோப்பு அமைப்பை விண்டோஸால் படிக்க முடியாது. அதனால்தான் எழுத்தும் பெயரும் இல்லாமல் காட்டுகிறது, பலரும் காலி இடம் என்று ஏமாறுகிறார்கள்.

விண்டோஸுக்கும் ஒன்றும் ஆகவில்லை. எந்த இயங்குதளத்தைத் தொடங்குவது என்று மெனு காட்டும் க்ரப் நிரல், பூட் நிரல்களுக்கான இஎஃப்ஐ பார்ட்டிஷனில் தனியாக இருக்கிறது. அதற்கு வேண்டிய மெனு கோப்போ அழிந்த பார்ட்டிஷனுக்குள் இருந்தது. அதைத் தேடிக் கிடைக்காமல் நிற்கிறது. அங்கே ‘எக்ஸிட்’ என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுங்கள். அல்லது ஆன் செய்தவுடன் எஃப்12, எஃப்9, எஸ்கேப் ஆகியவற்றில் உங்கள் லேப்டாப்புக்கு உரிய விசையை அழுத்தி, விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுங்கள்.

விண்டோஸுக்குள் போனதும் அந்தக் காலி இடத்தில் கை வைக்காதீர்கள். புது வால்யூம் உருவாக்கக் கூடாது, ஃபார்மட் செய்யக் கூடாது, சி டிரைவை அதற்குள் விரிவாக்கவும் கூடாது. எஸ்எஸ்டியில் இது உயிர்நாடி. ஃபார்மட் செய்யும்போது, இந்த இடத்தில் உள்ளதை அழித்துக்கொள்ளலாம் என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் ‘ட்ரிம்’ கட்டளையை விண்டோஸ் அனுப்பும். சி டிரைவை விரிவாக்கினாலும், வாரம் ஒருமுறை தானாக நடக்கும் ஆப்டிமைஸ் வேலையில் அந்த இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லப்படும். ட்ரிம் ஆன பகுதியை எந்த மீட்பு மென்பொருளாலும் திருப்பித் தர முடியாது. டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இயக்கத்தில் இருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியை இப்போதே காகிதத்தில் எழுதிவையுங்கள்; பூட் அமைப்பை மாற்றினால் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும்.

மீட்பு வேலையை 8 ஜிபி பென் டிரைவில் உருவாக்கிய உபுண்டு லைவ் யூஎஸ்பியிலிருந்து (இன்ஸ்டால் செய்யாமலே பென் டிரைவிலிருந்து ஓடும் உபுண்டு) செய்யுங்கள். ‘ட்ரை உபுண்டு’ மட்டும். ‘இன்ஸ்டால்’ பக்கம் போகவே வேண்டாம். விலைமதிப்பில்லாத கோப்புகள் இருந்தால், லேப்டாப் டிஸ்கைவிடப் பெரிய எக்ஸ்டெர்னல் டிஸ்கில் டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் நிரலைக் கொண்டு முழு நகல் எடுத்துவிட்டுத் தொடங்குவதே பத்திரம்.

அடுத்து, தொலைந்த பார்ட்டிஷனைத் தேடும் டெஸ்ட்டிஸ்க் நிரல். டிஸ்கை அதன் கொள்ளளவை வைத்து அடையாளம் கண்டு, ‘இஎஃப்ஐ ஜிபிடி’ வகை, ‘அனலைஸ்’, ‘க்விக் சர்ச்’ என்று போங்கள். கிடைக்காவிட்டால் ‘டீப்பர் சர்ச்’. இதற்கு நேரம் பிடிக்கும். பழைய இன்ஸ்டலேஷன்களின் சுவடுகளும் பட்டியலில் வரலாம். லினக்ஸ் வரி ஒவ்வொன்றிலும் நின்று ‘பி’ (P) விசையை அழுத்துங்கள். ஹோம், யூஎஸ்ஆர் கோப்புறைகளும் அவற்றுக்குள் உங்கள் கோப்புகளும் தெரிந்தால் அதுதான் சரியான பார்ட்டிஷன். அதன் தொடக்க, முடிவு செக்டார் எண்களைக் குறித்துக்கொண்டு, ‘ரைட்’ கொடுக்காமல் வெளியே வந்துவிடுங்கள். டெஸ்ட்டிஸ்கின் ‘ரைட்’ முழு அட்டவணையையும் திருப்பி எழுதும். மற்ற பார்ட்டிஷன்களில் ஒன்று தவறாகக் குறிக்கப்பட்டிருந்தால் அதையும் இழப்பீர்கள்.

அதைவிட, ஜிபிடி அட்டவணையைத் திருத்தும் ஜிடிஸ்க் நிரல் நல்லது. அதில் ‘என்’ கொடுத்து, குறித்துவைத்த இரண்டு எண்களையும் அப்படியே தட்டி, வகை 8300 கொடுத்து, ‘டபிள்யூ’ அழுத்தினால் அந்த ஒரு பதிவு மட்டும் சேரும். பார்ட்டிஷனுக்குள் எதுவும் எழுதப்படாது. தொடக்க எண்ணில் ஒரு செக்டார் பிசகினாலும் பார்ட்டிஷன் திறக்காது. பிறகு கோப்பு அமைப்பைச் சோதிக்கும் இ2எஃப்எஸ்சிகே (e2fsck) கட்டளையை ‘-என்’ (-n) குறியோடு ஓட்டுங்கள். அது சோதிக்கும், திருத்தாது. கோப்பு அமைப்பின் அடிப்படை விவரங்கள் உள்ள சூப்பர்பிளாக் பழுது என்று வந்தால் ‘-பி 32768’ (-b 32768) சேர்த்து ஓட்டுங்கள். 4 கேபி பிளாக் உள்ள எக்ஸ்ட்4-ல் முதல் மாற்று நகல் அந்த இடத்தில் இருக்கும். பார்ட்டிஷனை ரீட்-ஒன்லியாக (படிக்க மட்டும்) மவுன்ட் செய்து, அதாவது திறந்து, முதலில் கோப்புகளை வெளியே நகலெடுங்கள். அதன் பிறகு ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் பழைய மெனுவே வந்துவிடும். க்ரப் தேடும் யூயூஐடி என்ற அடையாள எண் கோப்பு அமைப்புக்குள்ளேயே இருப்பதால் அது மாறியிருக்காது.

இதுவும் பலிக்காவிட்டால் ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருள் இருக்கிறது. கோப்புகள் வரும், பெயர்களும் கோப்புறைகளும் வராது. அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் எதையும் டெலிட் செய்யவில்லை. விண்டோஸ் அப்டேட் முடிந்ததிலிருந்து மெனு வராமல் நேராக விண்டோஸுக்கே போகிறது. உபுண்டுவை மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டாம். மதர்போர்டில் உள்ள பூட் வரிசைதான் மாறியிருக்கிறது. மதர்போர்டின் தொடக்க நிரலான யூஇஎஃப்ஐயின் செட்டப்பில் பூட் ஆர்டருக்குப் போய் ‘உபுண்டு’வை மேலே கொண்டுவாருங்கள். அந்தப் பெயரே இல்லை என்றால், லைவ் யூஎஸ்பியை யூஇஎஃப்ஐ முறையில் பூட் செய்து, உபுண்டு பார்ட்டிஷனையும் இஎஃப்ஐ பார்ட்டிஷனையும் மவுன்ட் செய்து, டிஸ்கில் உள்ள உபுண்டுவுக்குள் நுழைய உதவும் சிஎச்ரூட் கட்டளை வழியாக ‘க்ரப்-இன்ஸ்டால்’ ஓட்டுங்கள்.

உபுண்டுவைத் தேர்ந்தெடுத்ததும் ‘எஸ்பிஏடி’ என்ற எழுத்துகளோடு பாதுகாப்புப் பிழை வந்தால் கதை வேறு. 2024 ஆகஸ்ட் 13 விண்டோஸ் அப்டேட்டுக்குப் பின் பலருக்கு வந்தது இதுதான். நம்பகமான பூட் நிரல்களை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட்டை யூஇஎஃப்ஐ செட்டப்பில் நிறுத்தி உபுண்டுவுக்குள் போய், ‘சூடோ மோக்யூட்டில் --செட்-எஸ்பிஏடி-பாலிசி டெலிட்’ (sudo mokutil --set-sbat-policy delete) கொடுத்து ரீஸ்டார்ட் செய்து, மறுபடி உபுண்டுவுக்குள்ளேயே வாருங்கள். க்ரப்பைத் தொடங்கிவைக்கும் ஷிம் தொகுப்பையும் அப்டேட் செய்தபின் செக்யூர் பூட்டை இயக்குங்கள்.

கேள்வி: எனக்கு நேர்மாறு. க்ரப் மெனு வருகிறது, அதில் விண்டோஸைக் காணோம்.

பதில்: 2021-ல் வந்த க்ரப் 2.06 முதல், மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. இடிசி கோப்புறைக்குள் இருக்கும் டிஃபால்ட் கோப்புறையில் உள்ள ‘க்ரப்’ கோப்பில் (/etc/default/grub) ‘க்ரப்_டிஸேபிள்_ஓஎஸ்_ப்ரோபர்=ஃபால்ஸ்’ (GRUB_DISABLE_OS_PROBER=false) என்ற வரியைச் சேர்த்து, ‘சூடோ அப்டேட்-க்ரப்’ கொடுங்கள். திரையில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ கிடைத்தது என்று ஒரு வரி வரும்.