கர்ப்பத்தில் உப்பை நிறுத்தினால் பிரஷர் வராதா?
ஐந்தாம் மாதம், கால் வீக்கம், வீட்டில் உப்பில்லாக் கஞ்சிதான் தருகிறார்கள் என்கிறீர்கள். தயவுசெய்து உப்பை அடியோடு நிறுத்தாதீர்கள். கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவே ஏறக்குறைய பாதி கூடுகிறது. அதற்கு உப்பும் நீரும் வேண்டும். 20 வாரத்துக்குப் பின் வரும் பிரீஎக்லாம்ப்சியா, அதாவது கர்ப்பத்தில் பிரஷர் ஏறி உடலுறுப்புகளைப் பாதிக்கும் நோய், பெரும்பாலும் நஞ்சுக்கொடியில் தொடங்கும் கோளாறு. அதைத் தடுக்க உப்பைக் குறைக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்வதில்லை. அதற்காக ஊறுகாய், கருவாடு, அப்பளம் என்று அள்ளிச் சாப்பிடவும் கூடாது; எல்லோரையும் போல நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் போதும். அயோடின் கலந்த உப்பாக இருக்கட்டும். உப்பைவிடக் கால்சியம் மாத்திரைதான் முக்கியம், அதை விட்டுவிடாதீர்கள். மாலையில் கால் வீங்குவது சகஜம். ஆனால் முகம் திடீரென வீங்கினாலோ, தலைவலி விடாமல் இருந்தாலோ, கண் மங்கினாலோ, பிரஷர் 140/90-ஐத் தொட்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.