வீட்டைப் பூட்டுமுன் அடங்கலைப் பாருங்கள்

கேள்வி: ராதாபுரம் பக்கம் எங்களுக்கு 2 ஏக்கர் மானாவாரி நிலம். குளம் பெருகி மூன்று வருஷமாகிறது. ஐப்பசி மழையை நம்பி விதைத்த உளுந்து இந்த முறையும் கருகிவிட்டது. பிள்ளைகளோடு திருப்பூர் போகிறோம். ‘காலநிலை அகதி’ என்று எங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டா? நிலம் கைவிட்டுப் போகுமா?

பதில்: அந்தப் பெயரை நம்பி எந்த அலுவலகப் படியும் ஏறாதீர்கள். 1951 அகதிகள் உடன்படிக்கை எல்லை தாண்டியவர்களுக்கானது. வறட்சி அதில் ஒரு காரணமே இல்லை. இந்தியா அதில் சேரவும் இல்லை. காலநிலை மாற்றத்தின் பாதிப்பிலிருந்து காக்கப்படுவது மக்களின் உரிமை என்று 2024இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, அதுவும் கானமயில் என்ற பறவையைக் காக்கப் போட்ட வழக்கில். நல்ல தீர்ப்புதான். ஆனால் அதைக் காட்டி தாலுகா ஆபீஸில் நிவாரணம் வாங்க முடியாது.

உங்களுக்கு உதவும் சொல் ‘வறட்சி’. வறட்சியும் பேரிடர் மேலாண்மைச் சட்டத்துக்குள் வரும் பேரிடரே என்று 2016இல் அதே நீதிமன்றம் தெளிவாக்கியது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சிப் பகுதியாக அறிவித்தது நினைவிருக்கும். அப்படி அறிவித்தால், 33 சதவீதமோ அதற்கு மேலோ கருகிய பயிருக்குத்தான் இடுபொருள் மானியம், அதாவது விதை, உரம் போன்ற செலவுக்கான உதவி. விதைத்தீர்களா இல்லையா என்பதற்குச் சாட்சி, எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதிவைக்கும் அடங்கல் பதிவேடு. அதில் ‘தரிசு’ என்று இருந்தால் கருகிய உளுந்துக்குக் கணக்கே இல்லை. அதனால் கிளம்புமுன் பதிவைப் பார்த்து நகல் வாங்கிவிடுங்கள். பயிர்க் காப்பீடு கட்டியிருந்தால் அந்த ரசீதும் பத்திரம்.

ஊரில் இல்லை என்பதற்காகப் பட்டா போய்விடாது. ஆனால் வேறொருவர் உங்கள் உரிமையை மறுத்து 12 வருஷம் வெளிப்படையாக, தொடர்ந்து அனுபவித்தால் சிக்கல். நிலவரியான தீர்வையை உங்கள் பெயரிலேயே கட்டுங்கள். கோயில் கொடைக்கு வரும்போதாவது வரப்பைச் சுற்றிப் பாருங்கள். சித்தப்பா மகனிடம் விட்டுப் போனாலும், ‘உங்கள் சம்மதத்தில் பார்த்துக்கொள்கிறேன்’ என்று ஒரு தாளில் எழுதி வாங்குவது நல்லது. கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும்.

ரேஷன் கார்டை மாற்ற வேண்டாம். திருப்பூர்க் கடையிலும் அரிசி வாங்கலாம். மாற்றுச் சான்றிதழ் தாமதம் என்று சொல்லி எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது. 2009 கல்வி உரிமைச் சட்டம் அப்படி.

அப்புறம், பலர் கவனிக்காத ஒன்று. இலவச வழக்கறிஞர் உதவிக்குத் தகுதியானவர்கள் பட்டியலில் வறட்சியால் பாதிக்கப்பட்டவர்களையும் 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவு பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம், 15100 என்ற உதவி எண்ணிலும் பேசலாம். திருப்பூரில் கூலி பாக்கி வைத்தால், அங்குள்ள ஆணைக்குழுவிலேயே கேளுங்கள்.