‘நீ வசதியா?’

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். செங்டுவிலிருந்து புதிதாக வந்த சீனப் பெண் ஒருவர் எங்கள் டீமில் இருக்கிறார். ‘இஃப் யூ ஆர் கன்வீனியன்ட், கால் மீ’ என்று அடிக்கடி மெசேஜ் அனுப்புகிறார். தப்பு என்று தெரிகிறது, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. கன்வீனியன்ட் என்றால் ‘வசதியான’ என்பதுதானே?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

‘நி ஃபாங்பியன் மா?’ என்பது சீனத்தில் அன்றாடக் கேள்வி. ‘நி’ என்றால் நீ (நம் ‘நீ’யோடு உறவில்லை, தற்செயல்தான்). அப்படியே வைத்தால் ‘நீ வசதியா?’. அங்கே ஆளே எழுவாய். ஆங்கிலத்தில் இந்தச் சொல் நேரத்துக்கும் இடத்துக்கும் பொருளுக்கும்தான் ஒட்டும். மூன்று மணி கன்வீனியன்ட், ஸ்டேஷனுக்குப் பக்கத்து வீடு கன்வீனியன்ட். ஆளைச் சொன்னால், வேண்டியபோது பயன்படுத்திக்கொள்ளத் தோதானவர் என்று தொனிக்கும்.

நாம் இதில் சறுக்காததற்குக் காரணம் நான்காம் வேற்றுமை. ‘உங்களுக்கு வசதியா இருந்தா கூப்பிடுங்க’ என்பதில் உள்ள ‘கு’தான் ‘ஃபார் யூ’ ஆகிவிடுகிறது. அதை விட்டுவிட்டு ‘நீங்க வசதியா?’ என்று கேட்டுப் பாருங்கள், சொத்து விசாரிப்பதாக நினைப்பார்கள். சீனத்திலும் கையில் ஃபாங்பியன் இல்லை என்றால் காசு இல்லை என்று அர்த்தம்! ‘கொஞ்சம் ஃபாங்பியன் பண்ணிவிட்டு வருகிறேன்’ என்று எழுந்தால் பாத்ரூமுக்கு. ‘ஃபாங்பியன் மியன்’ என்றால் பாக்கெட் நூடுல்ஸ்.

இத்தனைக்கும் இது பௌத்தத்தில் புழங்கிய பெரிய சொல். கி.பி. 406இல் சீனாவின் சாங்கான் நகரில் குமாரஜீவர் என்ற பௌத்தத் துறவி தாமரைச் சூத்திரம் என்ற பௌத்த நூலைச் சீனத்தில் மொழிபெயர்த்தபோது, இரண்டாம் அத்தியாயத்தின் தலைப்பில் ‘உபாயம்’ என்பதற்கு வைத்த சொல் இதுதான். கேட்பவரின் பக்குவம் பார்த்துப் போதிக்கும் வழி. நாமும் அதே உபாயத்தை வைத்திருக்கிறோம், நூடுல்ஸ்வரை கொண்டுபோகவில்லை.

அவரிடம் வேற்றுமையெல்லாம் பேசாதீர்கள். இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். ஆளைக் கேட்க, ‘ஆர் யூ ஃப்ரீ?’ நேரத்தைக் கேட்க, ‘இஸ் த்ரீ ஓ க்ளாக் கன்வீனியன்ட் ஃபார் யூ?’ கூடவே, யாராவது ‘ஹவ் கன்வீனியன்ட்!’ என்று இழுத்துச் சொன்னால் அது பெரும்பாலும் பாராட்டு இல்லை என்பதையும் சொல்லிவையுங்கள். மீட்டிங் நாளில் மட்டும் காய்ச்சல் வருகிறவரைப் பார்த்துச் சொல்வது அது.