ஊரெல்லாம் சொன்ன பிறகு டேப்பில் வெண்ணெய் வாசம்: ட்ரை ஹாப் பீரை எப்போது குளிர்விப்பது, எப்போது அறிவிப்பது?

கேள்வி: பெங்களூரில் சின்னதாக ஒரு ப்ரூபப் (பீரை அங்கேயே காய்ச்சி விற்கும் பப்) நடத்துகிறோம். 500 லிட்டர் சிஸ்டம், நான்கு ஃபெர்மென்டர். புதிதாக ஒரு பேல் ஏல் போட்டோம். ஐந்தாம் நாள் கிராவிட்டி (பீரின் அடர்த்தி; ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன இறங்கும்) நின்றதும் லிட்டருக்கு 5 கிராம் வீதம் ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ) சேர்த்து, அதாவது ட்ரை ஹாப் செய்து, ஏழாம் நாள் குளிர்வித்தோம். அதற்குள் ‘வெள்ளிக்கிழமை முதல் டேப்பில்’ என்று போர்டிலும் வாட்ஸ்அப்பிலும் சொல்லியாகிவிட்டது. வெள்ளியன்று ருசி நன்றாகவே இருந்தது. அடுத்த வாரம் தியேட்டர் பாப்கார்ன் மாதிரி வெண்ணெய் வாசம். சர்விங் டேங்கிலிருந்து நேராகப் பிடித்தாலும் அதே வாசம்தான். கெக்கில் (பீர் பீப்பாயில்) இன்னும் மோசம், நுரை பொங்கி வழிகிறது. இது இரண்டாவது முறை. கோதுமை பீரில் இந்தத் தொல்லை வந்ததே இல்லை. தப்பு எங்கே? புது பீர் சேதியை இனி எப்போது, எப்படிச் சொல்வது?

பதில்: டேங்கிலேயே வாசம் இருப்பதால் டேப் லைனைச் சந்தேகப்பட வேண்டாம். லைன் அழுக்கு என்றால் டேங்கில் பிடித்த பீர் சுத்தமாகவும், டேப்பில் பிடித்தது மட்டும் கெட்டும் இருக்கும். பெரும்பாலும் லேசான புளிப்பும் கூடவே வரும். உங்களுடையது டயசெட்டில், வெண்ணெய் வாசம் தரும் பொருள். வெள்ளியன்று அது பீரில் இல்லை, அதன் மூலப்பொருள்தான் இருந்தது. அதற்கு வாசமே கிடையாது. அதனால்தான் அன்று ருசி பார்த்த யாருக்கும் தெரியவில்லை.

நடந்தது இதுதான். ஈஸ்ட் வளரும்போது ஆல்ஃபா அசிட்டோலாக்டேட் என்ற பொருளை வெளியே விடுகிறது. அது பீருக்குள் மெல்ல டயசெட்டிலாக மாறும். சூடும் ஆக்ஸிஜனும் இருந்தால் மாற்றம் வேகமாகும். ஈஸ்ட் விழித்திருந்தால், உண்டான டயசெட்டிலைத் தானே உள்ளே இழுத்து வாசமற்ற பொருளாக மாற்றிவிடும். நீங்கள் ஏழாம் நாளே குளிர்வித்ததால் ஈஸ்ட் அடியில் படிந்துவிட்டது, மூலப்பொருள் பீரிலேயே தங்கிவிட்டது. டேங்க் மாற்றும்போது கொஞ்சம் காற்றும் பட்டிருக்கும். அடுத்த சில நாட்களில் அது டயசெட்டிலானபோது துடைத்தெடுக்க ஈஸ்ட் இல்லை.

ஐந்தாம் நாளே கிராவிட்டி நின்றுவிட்டதே, பிறகு எப்படிப் புதிதாக மூலப்பொருள் வந்தது என்று கேட்பீர்கள். அதற்குக் காரணம் ஹாப்ஸ். ஹாப்ஸில் மாவுச்சத்தை உடைக்கும் என்சைம்கள் உண்டு. ஈஸ்ட்டால் தின்ன முடியாமல் மிஞ்சிய டெக்ஸ்ட்ரின்களை அவை சர்க்கரையாக உடைக்கின்றன. நொதித்தல் மறுபடி மெதுவாகத் தொடங்குகிறது. இதை இன்று ‘ஹாப் க்ரீப்’ என்கிறார்கள். பெயர் புதிது, விஷயம் பழையது: பிரவுன், மோரிஸ் என்ற இரண்டு ஆங்கிலேய வேதியியலாளர்கள் 1893-லேயே எழுதிவைத்தது. அளவாக ஹாப்ஸ் போட்ட காலத்தில் யாருக்கும் உறைக்கவில்லை. லிட்டருக்கு 5, 8 கிராம் என்று கொட்டத் தொடங்கிய பிறகுதான் தலைவலியானது.

உங்கள் கோதுமை பீர் தப்பித்ததற்கு இரண்டு காரணங்கள். அதில் ட்ரை ஹாப் கிடையாது. கோதுமை ஈஸ்ட் லேசில் அடியில் படிவதும் இல்லை, மிதந்துகொண்டே வேலையை முடித்துவிடும்.

கெக் நுரைக்கும் இதே கதைதான். கிராவிட்டி 1.012-லிருந்து 1.011-க்கு இறங்கினாலே லிட்டருக்கு ஏறக்குறைய 1 கிராம் கார்பன் டை ஆக்சைடு, அதாவது அரை வால்யூம் கூடும் (ஒரு வால்யூம் என்பது பீரின் கன அளவுக்குச் சமமான வாயு). 2.4 வால்யூமில் நிரப்பிய கெக், குளிர் அறைக்கு வெளியே கிடந்து கிராவிட்டி மூன்று புள்ளி (0.003) இறங்கினால் 3.9-ஐத் தொடும். அப்படிப்பட்ட கெக்கை ஊற்றவும் முடியாது, வெளியே வைத்திருப்பதும் ஆபத்து.

இனி என்ன செய்வது? முதலில் சோதனை. இதற்கு லேப் தேவையில்லை, மூடியுள்ள இரண்டு கண்ணாடி ஜாடிகளும் ஒரு தெர்மாமீட்டரும் போதும். ஃபெர்மென்டரிலிருந்து ஒவ்வொன்றிலும் 100 மில்லி பிடித்து மூடுங்கள். ஒன்றை 60–65 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் வையுங்கள். மற்றது வெளியே இருக்கட்டும். பிறகு இரண்டையும் குளிர்ந்த நீரில் வைத்து ஒரே சூட்டுக்குக் கொண்டுவந்து, மூடியைத் திறந்த கையோடு முகர்ந்து பாருங்கள். இரண்டிலும் வெண்ணெய் இல்லையென்றால் பீர் தயார். சூடு காட்டியதில் மட்டும் இருந்தால் மூலப்பொருள் மிச்சம் இருக்கிறது, குளிர்விக்கக் கூடாது. இரண்டிலுமே இருந்தால் ஈஸ்ட் இன்னும் பாதி வழியில்தான் நிற்கிறது.

முகர்வது குறைந்தது மூன்று பேராக இருக்கட்டும். எந்த ஜாடி சூடானது என்று அவர்களிடம் சொல்லாதீர்கள். டயசெட்டில் வாசமே தெரியாத மூக்குகள் உண்டு; தலைமை ப்ரூவரின் மூக்கே அப்படி இருக்கலாம். அதில் அவமானம் ஒன்றுமில்லை. ஆனால் அவர் ஒருவரை மட்டும் நம்பி டேங்கைத் திறக்கக் கூடாது.

இந்தச் சோதனையை இரண்டு முறை செய்ய வேண்டும்: ஹாப்ஸ் போடுவதற்கு முன் ஒரு முறை, போட்டு கிராவிட்டி நின்ற பிறகு ஒரு முறை. முதல் சோதனையில் தேறிவிட்டது என்று இரண்டாவதை விட்டுவிடுகிறவர்கள்தான் உங்களைப் போல மாட்டிக்கொள்கிறார்கள்.

உங்கள் பேல் ஏலுக்கு நாட்கணக்கு ஏறக்குறைய இப்படி வரும். 1.050-ல் தொடங்கி 18–19 டிகிரியில் நொதிக்க விடுங்கள். கிராவிட்டி 1.018 அளவுக்கு வந்ததும் 20–21 டிகிரிக்கு ஏற்றுங்கள். 1.012-ல் நின்று, முதல் சோதனையும் தேறிய பிறகு, மறுபடி பயன்படுத்த வேண்டிய ஈஸ்ட்டை அடியிலிருந்து எடுத்துவிடுங்கள். ஹாப்ஸ் கலந்த ஈஸ்ட்டை அடுத்த பீருக்குப் போடுவது வீண் வேலை. 18 டிகிரியில் 2.5 கிலோ ஹாப் பெல்லட் (அரைத்து அழுத்திய ஹாப்ஸ்) சேருங்கள். அதற்குமுன் டேங்கின் அழுத்தத்தை மெதுவாக முழுவதும் இறக்கிவிட வேண்டும். முதலில் ஒரு கைப்பிடி போட்டுப் பொங்குகிறதா என்று பார்த்த பிறகே மீதியைப் போடுங்கள். கரைந்திருக்கும் வாயு பெல்லட்டைக் கண்டதும் ஒரே மூச்சில் வெளியேறி, மேல் வாயில் வழியாகப் பீர் பீய்ச்சியடிக்கும்.

இதன் பிறகு தினமும் அதே நேரத்தில் கிராவிட்டி எடுங்கள். மாதிரியை இரண்டு டம்ளர்களில் மாற்றி மாற்றி ஆற்றி வாயுவைப் போக்க வேண்டும். குமிழிகள் ஹைட்ரோமீட்டரில் ஒட்டித் தூக்கினால் அளவு கூடுதலாகக் காட்டும், இறங்கியதை மறைத்துவிடும். ரிஃப்ராக்டோமீட்டரை (ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையை அளக்கும் கருவி) இங்கே நம்பாதீர்கள், ஆல்கஹால் இருக்கும் திரவத்தில் அது பொய் சொல்லும். அடுத்தடுத்து மூன்று நாள் ஒரே எண் வந்தால்தான் ‘நின்றது’ என்று பொருள். உங்கள் ஹாப் அளவுக்கு அது 1.009 பக்கம் போய் நிற்கக்கூடும். எங்கே நிற்கும் என்று முன்பே தெரிய வேண்டுமா? ஹாப்ஸ் போடும் அன்று 250 மில்லி பீரில் 1.25 கிராம் அதே பெல்லட்டைப் போட்டு, காற்று மட்டும் வெளியேறும்படி லேசாக மூடி, 25 டிகிரியில் வைத்து அவ்வப்போது குலுக்குங்கள். நான்கைந்து நாளில் அது காட்டும் எண்தான் உங்கள் டேங்க் போய்ச் சேரும் இடம். டேங்க் அதை நெருங்கும் முன் குளிரூட்டியைத் தொடாதீர்கள்.

இரண்டாம் சோதனை தேறிய பிறகு 2 டிகிரிக்கு இறக்கி, இரண்டு நாள் படியவிட்டு, கார்பன் டை ஆக்சைடு நிரப்பிக் காற்றை வெளியேற்றிய சர்விங் டேங்குக்கு மாற்றலாம். வாயு ஏற்றும்போது ஒரு விஷயம்: பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் வாயு ஏற்றும் அட்டவணையில் உள்ள கேஜ் அழுத்தத்தோடு 0.1 பார் கூட்ட வேண்டும். 2 டிகிரியில் 2.4 வால்யூமுக்கு அட்டவணை 0.6 பார் என்றால் நீங்கள் 0.7 வைக்க வேண்டும்.

ஹாப்ஸைக் குளிரிலேயே, 10 டிகிரிக்குக் கீழே போட்டால் க்ரீப் வராது என்று சிலர் சொல்வார்கள். அங்கே என்சைம் தூங்குகிறதே தவிர சாகவில்லை. டம்ளருக்கு வரும்வரை பீர் குளிரிலேயே இருந்தால் அந்த வழி செல்லும். கெக்கை வெளியே வைக்கும் வழக்கமுள்ள இடத்துக்கு அது ஒத்துவராது. ஏஎல்டிசி என்ற என்சைம் கடைகளில் கிடைக்கிறது. அது மூலப்பொருளை டயசெட்டில் ஆகவிடாமல் நேராக வேறு பொருளாக மாற்றும். ஹாப்ஸோடு சேர்த்துப் போட்டால் பலன் உண்டு. அளவுக்குப் பாக்கெட்டில் உள்ளதைப் பின்பற்றுங்கள். ஏற்கெனவே வந்துவிட்ட வெண்ணெய் வாசத்தை அது போக்காது, க்ரீப்பையும் நிறுத்தாது.

இப்போது கையிலிருக்கும் பீரைக் காப்பாற்ற நல்ல வழி, நொதித்துப் பொங்கிக்கொண்டிருக்கும் வோர்ட்டை (பீராக மாறவிருக்கும் மால்ட் சாறு) சேர்ப்பது. முதலில் பிஹெச் பாருங்கள். பேல் ஏலுக்கு 4.3–4.6 இருக்க வேண்டும். 4.1-க்குக் கீழே இறங்கிப் புளிப்பும் தட்டினால் பாக்டீரியா புகுந்திருக்கலாம். அதைக் காப்பாற்ற முயலாமல் கொட்டிவிட்டு, சீல்களைப் பிரித்துச் சுத்தம் செய்வதே நல்லது. பிஹெச் சரியாக இருந்தால் பீரை ஃபெர்மென்டருக்குத் திருப்பி 18–20 டிகிரிக்குக் கொண்டுவந்து, நொதித்தல் உச்சத்தில் இருக்கும் வோர்ட்டைப் பத்தில் ஒரு பங்கு, 400 லிட்டருக்கு 40 லிட்டர், சேருங்கள். அது அதே ஏல் ஈஸ்ட் போட்டதாக இருக்க வேண்டும். கோதுமை ஈஸ்ட் என்றால் கிராம்பு வாசம் ஒட்டிக்கொள்ளும். நான்கைந்து நாளில் ஜாடிச் சோதனை தேறிவிடும். ஹாப் மணம் முன்புபோல இருக்காது என்பதால் பழைய பெயரில் விற்காதீர்கள். இன்னும் ஹாப்ஸ் கொட்டி வாசத்தை மூடப் பார்த்தால் க்ரீப் மறுபடி ஆரம்பிக்கும்.

சேதிக்கு வருவோம். காலண்டரைப் பார்த்துத் தேதி சொன்னதுதான் உங்களை ஏழாம் நாளில் குளிர்விக்க வைத்தது. தேதியை இரண்டாம் சோதனைக்குப் பிறகு மட்டும் சொல்லுங்கள். தேறிய நாளிலிருந்து குளிர 1 நாள், படிய 2, மாற்ற 1, வாயு ஏற 1 அல்லது 2. ஆக ஏழாம் நாளைச் சொன்னால் ஒரு நாள் கையிருப்பில் இருக்கும். அதற்கு முன் ஏதாவது சொல்லியே ஆக வேண்டுமென்றால், என்ன பீர் டேங்கில் இருக்கிறது, என்ன ஹாப்ஸ் என்பதோடு நிறுத்துங்கள்.

ஆல்கஹால் அளவையும் ரெசிபியைப் பார்த்து எழுதாதீர்கள். 1.050-லிருந்து 1.012 என்றால் 5.0 சதவீதம். க்ரீப்புக்குப் பிறகு 1.009 என்றால் 5.4. போர்டில் ஒன்று, டம்ளரில் வேறு என்று ஆகும். உங்கள் உரிமத்தில் உள்ள வரம்புக்கு அருகில் நிற்கும் பீர் என்றால் இது வெறும் போர்டு பிழையாக முடியாது.

வாட்ஸ்அப்பில் இவ்வளவு போதும்: ‘பேல் ஏல், 5.4% ஆல்கஹால். சிட்ரா, மொசைக் ஹாப்ஸ். ஆரஞ்சுத் தோல், மாம்பழ மணம், மிதமான கசப்பு. பார்லி, கோதுமை உண்டு. 26-ஆம் தேதி மாலை முதல், தீரும்வரை.’ பார்லி, கோதுமை, லாக்டோஸ் போன்றவற்றைக் கட்டாயம் குறிப்பிடுங்கள், ஒவ்வாமை உள்ளவர் உங்களிடம் கேட்க மாட்டார். ‘உடம்புக்கு நல்லது’ என்ற பேச்சே வேண்டாம். 2018-இன் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) மதுபான விதிகள் லேபிளில் அப்படிச் சொல்வதைத் தடுக்கின்றன, போர்டிலும் அதே கட்டுப்பாடு இருப்பது நல்லது. தொலைக்காட்சியில் மது விளம்பரத்துக்கு 1994-இன் கேபிள் விதிகளில் தடை உண்டு. சமூக ஊடகத்தில் எதுவரை போகலாம் என்பதை உங்கள் உரிம நிபந்தனைகளோடு எக்சைஸ் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் பட்டியலில் யாரையும் நீங்களாகச் சேர்க்காதீர்கள். வயதைச் சரிபார்த்து, கேட்டவருக்கு மட்டும் அனுப்புங்கள்.

தீரும் நாளையும் சொல்வது இதே அளவுக்கு முக்கியம், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். 500 லிட்டரில் ஈஸ்ட்டும் ஹாப்ஸும் போக 440 லிட்டர்தான் சர்விங் டேங்குக்குப் போகும். நுரை, லைன் வீணாவது கழித்தால் 330 மில்லி டம்ளரில் சுமார் 1,200 வரும். டேங்கில் 60 லிட்டர் மிஞ்சும்போதே ‘இன்றும் நாளையும் மட்டும்’ என்று ஒரு வரி அனுப்பிவிட்டு, தீர்ந்த அன்றே போர்டிலிருந்து அழியுங்கள். அடுத்த பீரை அந்த டேப்பில் மாட்டுவதற்கு முன் லைனில் 2 சதவீத காஸ்டிக் கரைசலைப் பம்ப் வைத்து 15 நிமிடம் சுற்றவிட்டு, பிஹெச் குழாய் நீரின் அளவுக்குத் திரும்பும்வரை அலசுங்கள். டேப் மாறாவிட்டாலும் 14 நாளுக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும்.