பீரோவில் பூட்ட வேண்டிய பொருளா அது?

கேள்வி: என் மனைவிக்கு இது தலைப்பிரசவம். ஏழாம் மாதம் முடியப் போகிறது. வளைகாப்பில் சீர் தொடர்பாக இரு வீட்டாருக்கும் மனத்தாங்கல் ஏற்பட்டதால், அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பவில்லை. நகரத்தில் உள்ள தனியார் மருத்துவமனையில் பிரசவம் பார்க்க வேண்டும் என்பது என் அம்மாவின் விருப்பம். ஏசி அறையுடன் 65,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். அரசு மருத்துவமனைக்குப் போனால் சொந்தக்காரர்கள் முகத்தில் விழிக்க முடியாது என்கிறார் அம்மா. இதற்கிடையே எங்கள் பகுதி கிராம சுகாதாரச் செவிலியர் அடிக்கடி வந்து தொல்லை கொடுக்கிறார். போன வாரம் தெருவே கேட்கும்படி வாசலில் நின்று சத்தம் போட்டார். அம்மா அவமானத்தில் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டு மாதங்களுக்கு முன் இதே செவிலியர்தான் என் மனைவியின் அட்டையில் 8.4 என்று எழுதி, சிவப்பு மையில் வட்டம் போட்டு, ஆபத்து என்றும் குறித்துக் கொடுத்தார். வயிற்றுப்பிள்ளைக்காரியைப் பற்றி இப்படி எழுதுவது அபசகுனம் என்று அம்மா அந்த அட்டையை வாங்கி பீரோவில் வைத்துவிட்டார். நான்கு பிள்ளைகளை ஒரு மாத்திரைகூட விழுங்காமல் பெற்றவர் அவர். நான் கடன் வாங்கித் தனியாருக்குப் போகலாமா? அந்தச் செவிலியர் மீது யாரிடம் புகார் கொடுப்பது?
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பெரம்பலூர் மாவட்டம்

பதில்: தம்பி, அறை வாடகை எவ்வளவு என்று உங்களுக்குத் தெரிகிறது. அம்மா எத்தனை நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்பதும் தெரிகிறது. உங்கள் மனைவி ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா, மூச்சு வாங்குகிறதா, நடந்தால் தலை சுற்றுகிறதா என்று கடிதம் முழுவதிலும் ஒரு சொல் இல்லை. அவரைப் பற்றி நீங்கள் எழுதிய ஒரே உருப்படியான செய்தி அந்த 8.4. அதையும் பீரோவுக்கு வழி சொல்வதற்காகத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

அந்த எண் என்னவென்று செவிலியரிடம் கேட்டீர்களா? கேட்டிருந்தால் எனக்கு இந்தக் கடிதம் வந்திருக்காது. அது ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் அளவு. கர்ப்பிணிக்கு அது 11-க்குக் குறையக் கூடாது. 7-க்கும் 10-க்கும் இடையில் இருந்தால் நடுத்தர ரத்தசோகை, 7-க்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை. உங்கள் மனைவி 8.4-இல் இருந்தது இரண்டு மாதங்களுக்கு முன்பு. குழந்தை வேகமாக வளரும் கடைசி மாதங்களில்தான் தாயின் உடலிலிருந்து இரும்புச்சத்து அதிகமாகப் போகும். இன்றைய அளவு என்னவென்று உங்களுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியாது, செவிலியருக்கும் தெரியாது. தெரியாததால்தான் அவர் உங்கள் வாசலுக்கு வந்துகொண்டே இருக்கிறார். நீங்கள் அதைத் தொல்லை என்று எழுதுகிறீர்கள்.

சிக்கல் ஏதும் இல்லாத சுகப்பிரசவத்திலேயே அரை லிட்டர் வரை ரத்தம் போகலாம். உடம்பில் ரத்தம் போதுமான அளவு உள்ள பெண் அதைத் தாங்கிவிடுவார். ரத்தசோகை உள்ளவரால் அந்த அளவு இழப்பையே தாங்க முடியாமல் போகலாம். அதற்கு மேல் போனால் உயிரைக் காப்பாற்றக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. இந்த நாட்டில் பிரசவத்தில் இறக்கும் தாய்மார்களில் பலர் ரத்தப்போக்கினால்தான் இறக்கிறார்கள். குழந்தை எடை குறைந்தோ குறைமாதத்திலோ பிறப்பதற்கும் இதே ரத்தசோகை காரணமாகிறது. சிவப்பு மையில் வட்டம் போட்டதும் ஆபத்து என்று எழுதியதும் இதற்காகத்தான். அட்டையை யார் எடுத்துப் பார்த்தாலும் முதலில் அந்த இடம் கண்ணில் பட வேண்டும் என்று எழுதினார். நீங்கள் யார் கண்ணிலும் படாத இடத்தில் அதை வைத்துவிட்டீர்கள்.

'அம்மா வைத்துவிட்டார்' என்று எழுதியிருக்கிறீர்கள். வைத்தவர் அவராக இருக்கலாம். இரண்டு மாதங்கள் அது அங்கேயே இருக்கும்படி விட்டவர் நீங்கள். கல்யாணம் செய்துகொண்டு வந்த பெண்ணின் உயிருக்கு முதல் பொறுப்பு கணவனுக்கு. பெற்றவளிடம் மரியாதையாக இருப்பது வேறு, அந்தப் பொறுப்பை அவளிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கி நிற்பது வேறு. சொந்தத் தாயின் மனம் நோகக் கூடாது என்று மனைவியின் சிகிச்சையை நிறுத்தி வைக்கும் மகன்கள் எனக்கு வாரந்தோறும் எழுதுகிறார்கள். அவர்கள் யாரையும் நான் நல்ல மகன் என்று சொன்னதில்லை, உங்களையும் சொல்ல மாட்டேன்.

அம்மா நான்கு பெற்றதை நானும் மதிக்கிறேன். அவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: அவர் காலத்தில் உங்கள் ஊரிலும் உறவிலும் பிரசவத்துக்குப் போய்த் திரும்பி வராத பெண்கள் யார் யார்? அந்தத் தலைமுறைப் பெண்கள் பெயர் சொல்லிக் கணக்குச் சொல்வார்கள். இப்போது அந்தக் கணக்கு வெகுவாகக் குறைந்திருக்கிறது. 2018–20 கணக்கின்படி, ஒரு லட்சம் குழந்தைப் பிறப்புக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54 பேர். அந்த 54-க்குப் பின்னால் பெரிய மருத்துவமனைகளின் உழைப்பும் உண்டு. அதற்கு முன்பே, 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்ற கணக்கில், வெயிலில் நடந்து வந்து கதவைத் தட்டி, மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்கும் கிராம சுகாதாரச் செவிலியர்களின் உழைப்பு இருக்கிறது. தாய் ஒருவர் இறந்துபோனால் அந்த மரணத்தைத் தணிக்கை செய்வார்கள். செவிலியர் எப்போது பார்த்தார், என்ன சொன்னார் என்பதெல்லாம் விசாரணைக்கு வரும். அட்டை ஏன் பீரோவில் இருந்தது என்றும் ஒருவர் கேட்பார். அந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லும் நிலை வரக் கூடாது.

அவர் தெருவில் சத்தம் போட்டது சரியல்ல. ஒரு பெண்ணின் உடல்நிலையை அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி பேசக் கூடாது. வறுமையும் படிப்பின்மையும் தெரிந்தால் குரலை உயர்த்திவிடும் பழக்கம் அரசு மருத்துவ நிலையங்களில் இருக்கிறது, அது மாற வேண்டும். வட்டார மருத்துவ அலுவலரிடம் புகார் கொடுக்கலாம். தாராளமாகக் கொடுங்கள். ஆனால் வீட்டுக்குள் விட்டிருந்தால் அவர் வாசலில் நின்று பேசியிருக்க மாட்டார் என்பதையும் அந்த மனுவில் எழுதுங்கள்.

இன்று மாலை பீரோவைத் திறந்து அட்டையை மனைவியின் கையில் கொடுங்கள், அது அவருடையது. நாளைக் காலையிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நீங்களே கூட்டிப் போங்கள். கர்ப்பிணிகள் பரிசோதனை செவ்வாய்க்கிழமைதானே என்று காத்திருக்க வேண்டாம். ரத்தப் பரிசோதனையோடு ரத்த அழுத்தம், சிறுநீர்ப் பரிசோதனை, எடை எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள், இரண்டு மாதங்களாக அவை எதுவும் அட்டையில் ஏறவில்லை. இவ்வளவு நாள் கடந்துவிட்டதால் மாத்திரை மட்டும் போதாமல், இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்ற வேண்டியிருக்கலாம். அதை மருத்துவர் முடிவு செய்வார். மாத்திரை கொடுத்தால் அதை டீ, காபியோடு விழுங்கக் கூடாது, சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடும் சேர்க்கக் கூடாது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். மலம் கறுப்பாகப் போகும், அதைக் கண்டு பயந்து நிறுத்த வேண்டாம். மாத்திரை சாப்பிட்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்று யாராவது சொன்னால், அது பொய் என்று நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். அரசு தரும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் பேரீச்சம்பழமும் நெய்யும் இரும்புச்சத்து டானிக்கும் இருக்கும். அது அவருக்காக வருவது, வீட்டில் எல்லோருக்கும் பங்கு போடுவதற்கல்ல. இனி அவர் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடக் கூடாது, உங்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

அடுத்து மருத்துவமனை. ஏசி இருக்கிறதா என்று பார்த்த நீங்கள், இரவு இரண்டு மணிக்கு ரத்தம் தேவைப்பட்டால் எங்கிருந்து வரும் என்று கேட்டீர்களா? மயக்க மருந்து கொடுப்பவர் அங்கேயே இருப்பாரா, ஃபோன் செய்தால்தான் வருவாரா? இதற்கு அவர்கள் நேரான பதில் சொல்லவில்லையென்றால் அந்த 65,000 ரூபாய்க்கு உங்களுக்குக் கிடைப்பது அறை மட்டும்தான். நிலைமை முற்றினால் அங்கிருந்தும் அரசு மருத்துவமனைக்குத்தான் அனுப்புவார்கள், கடைசி நேரத்தில். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் உள்ள சீமாங்க் மையங்களில், அதாவது தாய்க்கும் பச்சிளங்குழந்தைக்கும் அவசரச் சிகிச்சை தரும் பிரிவுகளில், அறுவை சிகிச்சையும் ரத்தமும் இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு. ரத்த அளவு தேறவில்லையென்றால் பிரசவம் அங்கேதான் நடக்க வேண்டும். சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பதற்காகக் கடன் வாங்காதீர்கள். எங்கே பிரசவம் நடந்தாலும் பிறப்பைப் பதிவு செய்ய பிக்மி எண், அதாவது கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்ததும் தரும் எண், வேண்டும். அதைப் பதிவு செய்து கொடுப்பதும் நீங்கள் புகார் கொடுக்க நினைக்கும் செவிலியர்தான்.

அட்டையில் மனைவியின் ரத்த வகை எழுதியிருக்கும். பிரசவ நாளில் ரத்தம் கொடுக்கத் தயாராக இரண்டு மூன்று பேரை இப்போதே சொல்லி வையுங்கள். முதலில் உங்கள் மைத்துனருக்கு ஃபோன் செய்யுங்கள். சீர் விஷயத்தைப் பற்றி அப்போது ஒரு வார்த்தையும் பேச வேண்டாம்.